கும் என்று கூப்பிடாதே

ஒரு வார்த்தைக்குப் பயந்து ஐரோப்பா முழுக்க லாரி ஓட்டியிருக்கிறீர்களா? நான் ஓட்டியிருக்கிறேன். போலீசுக்குப் பயந்தவன் இல்லை இந்த பாத்ரிச். பனிப்புயலில் மலைப்பாதையில் விசில் அடித்துக்கொண்டு இறங்கினவன். ஒரே ஒரு வார்த்தையைக் கேட்டால்தான் ஓட்டம் எடுப்பேன். கும்.

எங்கள் மொண்டெனேக்ரோ மலையில் கும் என்றால் பிள்ளைக்கு ஞானத்தகப்பன். அதோடு போயிருந்தால் பரவாயில்லையே! இரண்டு வீட்டுக்கு நடுவே ரத்தப் பகை இருந்து, குற்றம் செய்தவன் தன் பிள்ளையோடு எதிரே வந்து, "கடவுள் பேரால, புனித யோவான் பேரால, நீ எனக்கு கும்" என்று மூன்று தரம் கேட்டுவிட்டான் என்றால் தீர்ந்தது கதை. மறுக்க முடியாது. மறுத்தவன் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க ஆள் வராது. ஒத்துக்கொண்டாலோ பகை அன்றோடு செத்தது. அவன்மேல் கை ஓங்கக் கூடாது. அவன் வீட்டு விசேஷத்தில் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் ஊற்றித் தருகிற சாராயத்தைக் குடிக்க வேண்டும். இதில் ஒரே ஒரு ஓட்டை உண்டு. கேட்டது காதில் விழ வேண்டும். விழாதவரை கட்டு இல்லை.

கிர்ஸ்தோ என்கிறவன் என் தம்பி வாசோவைக் கொன்றான். விருந்துக்குப் போய் மூக்கு முட்டக் குடித்துவிட்டு, ஓடைக்கு மேலே இருக்கிற வளைவில் வண்டியைத் தப்பான பக்கம் ஏற்றினான். எதிரே என் தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தான். முகத்தை மூடித்தான் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா அந்தத் துணியை விலக்கிப் பார்த்தாள். எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

கிர்ஸ்தோ ஜெயிலுக்குப் போனான், வந்தான். வந்தவன் ஊர்ப்பக்கம் தலைவைக்காமல் பெண்டாட்டியின் ஊரில் பதுங்கிக் கிடந்தான். நான் தேடாத இடமில்லை. ஒரு வசந்தத்தில் திடீரென்று ஊருக்கே திரும்பி வந்துவிட்டான், கையில் ஒரு பிள்ளையோடு. பிள்ளையைக் கையில் வைத்திருக்கிறவனைத் தொடக்கூடாது, அதுவும் எங்கள் மலையின் சட்டம்தான். கடைக்குப் போனாலும் பிள்ளை, மாதாகோயிலுக்குப் போனாலும் பிள்ளை. கங்காருகூட அப்படித் தூக்கிக்கொண்டு திரியாது. அவன் தனியாக அகப்பட்டால் அவன் முடிந்தான், பிள்ளையோடு வருகிற அவன் கண்ணில் நான் அகப்பட்டால் நான் முடிந்தேன். அதனால் நான் ஊருக்குப் போவதையே விட்டேன். கிடைத்த சவாரியெல்லாம் எடுத்தேன்.

ஆனால் அந்தச் சனியன் பிடித்த வார்த்தை என்னை விட்டால்தானே? ஹங்கேரியில் பெட்ரோல் பங்க்கில் ஒருத்தன் என் தோளில் தட்டி, "என்ன கோமா, எங்க போற?" என்றான். தூக்கிவாரிப் போட்டது. கேட்டால் அவர்களுக்கு அது சும்மா சேக்காளியாம், எங்கள் வார்த்தைதானாம். போலந்தில் சரக்கு இறக்குகிறவர்கள் எல்லாம் ஒருத்தனுக்கு ஒருத்தன் கும்பெல். மர்சேய் சந்தையில் ஒருத்தன் சீட்டுக்கட்டு வித்தை காட்டி ஊரை ஏமாற்றிக்கொண்டிருந்தான். கூட்டத்துக்குள் நின்று பொய்யாக ஜெயித்துக் காட்டுகிற அவன் ஆளுக்குப் பெயர் கோம்பேர். அதுவும் அதே வார்த்தை! ஒரு ரஷ்ய டிரைவர் இருந்தான், வாலிபத்தில் கம்பி எண்ணினவன். அவனிடம் கும் என்று வாய்தவறிச் சொன்னதும் எச்சிலைத் துப்பினான். அவர்கள் ஜெயிலில், கைதிகளைப் பேசவைத்துக் காட்டிக்கொடுக்கச் செய்கிற அதிகாரிக்குத்தான் அந்தப் பட்டமாம்.

"உங்க ஊர்ல அது சாமி காரியமா? எங்க ஊர்ல அந்தப் பேரைக் கேட்டா ராத்திரி சோறு இறங்காது, தம்பி" என்றான்.

எனக்கும்தான் இறங்கவில்லை.

அதே வருஷம் ஜூலை மாதம். எங்கள் நாட்டில் பார் என்கிற துறைமுகத்தில் இத்தாலி போகிற கப்பலுக்குக் காத்திருந்தோம். மரப்பலகை ஏற்றியிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி, இடதுபக்கம் சுவர். வலது பக்கத்து வரிசையில் கோசிமோவின் குளிர்சாதன வண்டி. கோசிமோ இத்தாலியில் பாரி நகரத்துக்காரன். வாய் ஓயாதவன். பல வருஷமாக இந்தக் கப்பலில் எனக்குப் பழக்கம். வரிசையில் எஞ்சினை அணைத்துவிட வேண்டும் என்பது துறைமுக உத்தரவு. வெயில் மண்டையைப் பிளந்தது. தார் இளகி, செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"கும்பா!" என்று கோசிமோ ஜன்னல் வழியாகக் கத்தினான். அவன் ஊர்ப் பேச்சில் அதே வார்த்தைதான் அது. "உள்ள உக்காந்து வேகறியா? இறங்கி வா, தர்பூசணி வெட்டியிருக்கேன்."

"என்னை அப்படிக் கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"ஏன், கும்பான்னா கெட்ட வார்த்தையா? எங்க அப்பாவுக்கு மீன் பிடிக்கிற கும்பா ஒருத்தன், சிகரெட் கடத்தற கும்பா ஒருத்தன். ரெண்டு பேருமே தங்கமான மனுஷங்க. எங்க ஊர் சாமியார் என்ன சொல்வார் தெரியுமா? பழைய லத்தீன்ல அதுக்கு, கூட இருக்கிற தகப்பன்னு அர்த்தமாம். ஒரு பிள்ளைக்கு ரெண்டு தகப்பன். ஒருத்தன் பெத்தவன். ஒருத்தன், பெத்தவன் கைவிட்டா பிடிக்கறவன்."

"உங்க சாமியாருக்கு வேற வேலை இல்ல?"

"இருக்கே, சீட்டாட்டம்" என்று சொல்லிச் சிரித்தான்.

அப்போது அம்மா போனில் வந்தாள். குசலம் விசாரிக்கிற வழக்கமெல்லாம் அவளுக்கு வாசோவோடு போயிற்று.

"துறைமுகத்துலயா இருக்கே?"

"ஆமா."

"நீ அங்க இருக்கறதை எவனோ அவன்கிட்ட சொல்லிட்டான். அவன் காலைலயே பிள்ளையோட பஸ் ஏறிட்டான். ஜன்னலை ஏத்து, கதவைப் பூட்டு. காதுல விழ விடாதே, பாத்ரிச்."

"அம்மா, நாலு பக்கமும் அடைச்சுக் கிடக்கு. எங்க போவேன்?"

"எனக்குத் தெரியாது. அவன் குரல் உன் காதுல விழுந்துச்சுன்னா, அப்புறம் இந்த வீட்டுப் படியை மிதிக்காதே. ஒரு பிள்ளையை அவன் எடுத்தான். இன்னொண்ணை நானே இல்லைன்னு நினைச்சுக்கறேன்."

வைத்துவிட்டாள். ஜன்னலை ஏற்றினேன். கதவைப் பூட்டினேன். சீட்டுக்கு அடியிலிருந்து சக்கரம் கழற்றுகிற இரும்பு ராடை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள். கை எடுத்தது.

கண்ணாடியில் பார்த்தேன். லாரிகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தான். வெறுங்கால். கேட்க வருகிறவன் செருப்பில்லாமல்தான் வர வேண்டும். அந்தத் தாரில் ஒவ்வொரு அடிக்கும் பாதம் ஒட்டிப் பிய்ந்து வந்தது. ஆள் பாதியாகக் கரைந்துபோயிருந்தான். கையில் வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளை. அவன் என் வண்டிக்கு முன்னால் வந்து நின்று, நிமிர்ந்து என்னைப் பார்த்து, வாயைத் திறந்தான்.

நான் ஹாரனை அழுத்தினேன்.

லாரியின் காற்று ஹாரன் என்றால் லேசுப்பட்டதா? காது ஜவ்வு கிழியும். கையை எடுக்கவே இல்லை. அவன் வாய் அசைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. கத்துடா, கத்து! பின்னால் இருந்தவர்கள் நான் கப்பல்காரன்மேல் கடுப்பில் அடிக்கிறேன் என்று நினைத்துத் தாங்களும் அழுத்த ஆரம்பித்தார்கள். கோசிமோவும் சிரித்துக்கொண்டே சேர்ந்தான், கல்யாண ஊர்வலம் மாதிரி. துறைமுகமே அலறியது. பிள்ளை வாயைக் கோணி அழுவது தெரிந்தது. கிர்ஸ்தோ அதன் காதைத் தன் மார்போடு சேர்த்து மூடிக்கொண்டு மறுபடி கத்தினான். எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம். தொண்டை கிழிந்து சாகட்டும் என்றுதான் இருந்தது.

ஆத்திரக்காரனுக்கு மூளை எங்கே வேலை செய்யும்? எஞ்சின் அணைந்திருக்கிறது. ஹாரன் தின்கிற காற்றெல்லாம் தொட்டியில் இருக்கிற காற்று. காற்று காட்டுகிற முள் இறங்கிக்கொண்டே போனதை நான் பார்க்கவில்லை. ஹாரன் ஒரு மாதிரி இழுத்தது, முனகியது, நின்றேபோயிற்று. காற்று இல்லாவிட்டால் லாரியின் பிரேக் தானே இறுகிக்கொள்ளும். எஞ்சினைப் போட்டு, காற்று ஏறுகிறவரை வண்டி ஒரு அங்குலம் நகராது. புதுசாக லைசென்ஸ் எடுத்தவன்கூடச் செய்ய மாட்டான் இந்தக் கோமாளித்தனத்தை. என்னை நானே பூட்டிக்கொண்டேன்.

மற்றவர்களும் ஒவ்வொருத்தராக நிறுத்தினார்கள். அமைதி. இப்போது சொன்னால் விழுந்துவிடும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிர்ஸ்தோ வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. கத்திக் கத்திக் குரல் செத்துப்போயிருந்தது. இரண்டு தரம் முயன்றான். பிறகு தன் சட்டையைக் கழற்றித் தாரின்மேல் விரித்தான். பிள்ளையை அதன்மேல் உட்கார வைத்தான். இரண்டடி பின்னால் போய், மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

எங்கள் ஊர்க்காரனுக்குத்தான் அது புரியும். வார்த்தை எடுபடாத இடத்தில் செய்கிற கடைசிக் காரியம் அது. பிள்ளையைத் தரையில் வைத்துவிட்டுக் குனிந்தவன், எதிரி தன்னைத் தொடுகிறவரை தலையைத் தூக்கக் கூடாது. எதிரி பிள்ளையைத் தூக்கினால் கும். தூக்காவிட்டால், கையில் பிள்ளை இல்லாதவன்தானே இப்போது? கழுத்து திறந்து கிடக்கிறது. எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று அர்த்தம்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். கையில் ராடு. ஒளித்துச் சொல்ல என்ன இருக்கிறது, அவன் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். வெயிலில் கறுத்த பிடரி, நடுவில் வியர்வை. ஒரே அடி. அம்மாவுக்குப் போன் பண்ணி, முடிந்தது என்று சொல்லலாம்.

அப்போதுதான் விசில் ஊதினார்கள். பக்கத்து வரிசையைக் கப்பலில் ஏற்றுகிறார்கள். கோசிமோவின் எஞ்சின் உறுமியது.

சட்டையின்மேல் பிள்ளை இல்லை.

தவழத் தொடங்கின பிள்ளை சொன்ன இடத்திலா உட்காரும்? தார் சுட்டிருக்கிறது, நிழலைத் தேடியிருக்கிறது. பக்கத்தில் நிழல் எங்கே இருந்தது? கோசிமோவின் வண்டிக்குக் கீழேதான். வீறிட்டுக்கொண்டே, ஒரு கையை வைத்து எடுத்து, மறு கையை வைத்து எடுத்து, முன்சக்கரத்துக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தத்தில் அந்த அழுகை யாருக்கும் கேட்கவில்லை. அத்தனை உயரத்தில் உட்கார்ந்திருக்கிற கோசிமோவுக்கு அது தெரியாது. குனிந்து கிடக்கிற தகப்பனுக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரிந்தது.

ஒரு நொடி நின்றேன். ஐயோ, நின்றேனே! என் தம்பி மாதிரி இவன் பிள்ளையும் சக்கரத்தடியில் போகட்டும், நான் கைகூட அசைக்க வேண்டாம் என்று எனக்குள் ஏதோ ஒன்று சொன்னது. அம்மா விலக்கிப் பார்த்த அந்தத் துணி கண்முன் வந்தது. அதற்குப் பிறகு யோசிக்கவில்லை. ராடு எங்கே விழுந்ததோ தெரியாது. பாய்ந்தேன். முழங்கால் தேய்ந்து தோல் போயிற்று. பிள்ளையின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, உருண்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். சக்கரம் என் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போய் நின்றது.

"மாதாவே! பைத்தியமா உனக்கு?" என்று கோசிமோ மேலிருந்து அலறினான். என் கையில் இருப்பதைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. இறங்கி வந்து, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பிள்ளையின் உள்ளங்கை இரண்டும் சிவந்து கிடந்தன. நான் ஊதினேன். ஊதிக்கொண்டே இருந்தேன். அது ஏங்கி ஏங்கி அழுதுவிட்டு, என் தாடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டது.

நிமிர்ந்தபோது கிர்ஸ்தோ எதிரே நின்றான். சக்கரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். புரிந்துவிட்டது. துறைமுகக் காவலாளி சாவோ எங்கள் மலைக்காரன். அவன் தலையிலிருந்து தொப்பியை எடுத்துவிட்டு, "நல்லதா நடக்கட்டும், கும்களே" என்றான்.

"யாருடா கும்?" என்று எரிந்து விழுந்தேன். "தார் சுடுது, சக்கரம் வருது, அதான் தூக்கினேன். வேற எவன் பிள்ளையா இருந்தாலும் தூக்கியிருப்பேன்!"

கிர்ஸ்தோ கிசுகிசுத்தான். குரல் கம்மிப்போய் அவ்வளவுதான் வந்தது. "தெரியும். கணக்குல சேராது. கீழ வெச்சுடு பாத்ரிச். சாவோ வாயைத் திறக்க மாட்டான், நானும் மாட்டேன். நான் முன்ன மாதிரியே குனிஞ்சுக்கறேன்."

அவன் மனசாரத்தான் சொன்னான். அதுதான் என்னைக் கொன்றது. போக்கிரித்தனம் பண்ணியிருந்தால், மாட்டிக்கொண்டாய் என்று ஒரு பார்வை பார்த்திருந்தால், அங்கேயே மண்டையை உடைத்திருப்பேன்.

கீழே வைக்கலாம்தான். எங்கே வைப்பது? சட்டை விரித்த இடமும் கொதித்தது. தாடியை விட மாட்டேன் என்கிறது அந்தப் பிசாசு. ஒரு விரலைப் பிரித்தால் மறு விரலால் பிடிக்கிறது. அதன் வாயிலிருந்து எச்சில் வழிந்து என் கழுத்தில் இறங்கியது. வாசோ இப்படித்தான், சின்னதில் இறக்கிவிட்டால் ஊரைக் கூட்டுவான். நான் அழுதுவிட்டேன். அவனைப் புதைத்த அன்றைக்கு வராத அழுகை அது. அத்தனை லாரிக்காரன் முன்னால், அவனைக் கொன்றவன் முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன்.

"கும்பா," என்று கோசிமோ மெதுவாகக் கேட்டான், "பிள்ளை உன்னுதா?"

"கத்தி இருக்கா?" என்றேன்.

தர்பூசணி வெட்டின கத்தியைத் துடைத்துத் தந்தான். பிள்ளையின் தலையில் முடி என்று சொல்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. காதோரம் சுருண்டிருந்த ஒரு பிசிறை அறுத்து எடுத்தேன், கும் ஆகிறவன் செய்கிற முதல் சடங்கு அது. சாவோ சிலுவை போட்டான். கிர்ஸ்தோ என் கையை முத்தமிட வந்தான். "தொடாதே" என்றேன். நின்றுகொண்டான்.

"பேரென்ன இதுக்கு?"

"ஆஸ்பத்திரியில ஏதோ எழுதியிருக்காங்க. வீட்ல யாரும் அப்படிக் கூப்பிடறதில்ல. நீ வைக்கணும்னு விட்டிருக்கோம். கும்தானே பேர் வைக்கணும்."

எனக்கு என்ன பெயர் தெரியும்? போனை எடுத்தேன். முதல் மணியிலேயே அம்மா எடுத்தாள்.

"விழுந்துச்சா காதுல?"

"இல்லம்மா. கையில விழுந்துடுச்சு."

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன், ராடு, சக்கரம், நான் நின்ற அந்த ஒரு நொடி எல்லாவற்றையும்.

"இறக்கி வை" என்றாள்.

"முடியலம்மா."

"இறக்கி வைடா!"

"முடியலம்மா. வேணும்னா வீட்டுக்கு வரல. இறக்க முடியல."

பிள்ளை போனைப் பார்த்து ஏதோ குழறியது. அம்மாவுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"பையனா?"

"பொண்ணு. பேர் வைக்கணுமாம்."

பின்னால் இருந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க, சாவோ கையைக் காட்டி அடக்கினான்.

"வாசோ பேரை ஒட்டி எதுவும் வைக்காதே," என்றாள் அம்மா. "என் பிள்ளை பேரு அந்த வீட்ல புழங்கக் கூடாது. என் பேரை வை."

"அம்மா?"

"இகோனியான்னு வை. அவன் அதைக் கொஞ்சணும்னாலும் என் பேரைச் சொல்லித்தான் கொஞ்சணும். திட்டணும்னாலும் என் பேரைச் சொல்லித்தான் திட்டணும். சாகிற வரைக்கும் தினமும் அவன் வாயில நான் இருக்கணும். சொல்லு அவன்கிட்ட. இப்பவே கூப்பிடச் சொல்லு. நான் கேக்கணும்."

போனைக் கிர்ஸ்தோவின் வாய்க்கு நேரே பிடித்து, அம்மா சொன்னதைச் சொன்னேன். அவன் என்னையே பார்த்தான். உதடு துடித்தது, வரவில்லை. மறுபடியும் முயன்றான். பிள்ளை அவன் பக்கம் திரும்பியது.

"இகோனியா" என்றான்.

குரல் இல்லாத குரல்தான். பிள்ளை அவனிடம் கையை நீட்டியது. போனில் அம்மாவின் மூச்சு கேட்டது.

"வெயில்லயே ஏன்டா வெச்சிருக்கே?" என்றாள் கிர்ஸ்தோவிடம். "பிள்ளை தலையை மூடு."